காற்றினால் ஓடும் மோட்டார் வண்டி: மானாவாரிக் குடியானவர் அறியவேண்டிய வரவு செலவு

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களின் கரிசல் நிலங்களில் பருத்தி, கொத்தமல்லி, மிளகாய், சோளம், கம்பு, குதிரைவாலி, பயறு வகைகள் முதலியன மழையை நம்பியே பயிரிடப்படுகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் அளவே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. அதனால் விளையும் ஒரு போகத்தைக் கொண்டே குடும்பச் செலவு, சர்க்கார் பாக்கி, அடுத்த ஆண்டின் விதை, உரம் ஆகிய யாவும் நடைபெற வேண்டியிருக்கின்றன. இத்தகைய நிலையில், விளைந்த சரக்கைக் களத்திலிருந்து அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை முதலிய சந்தைகளுக்குக் கொண்டு சேர்க்கும் கூலி சிறிது உயர்ந்தாலும் அது குடியானவரின் இலாபத்தையே தின்றுவிடுகிறது.

முற்காலத்தில் இவ்வேலையை வண்டிமாடுகள் செய்தன. அவற்றிற்கு வேண்டிய சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் சொந்த நிலத்திலேயே விளைந்தன. இப்பொழுது டிராக்டரும் சிறு சரக்கு மோட்டார்களும் அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றின் தீனியாகிய டீசலோ வெளியிலிருந்து ரொக்கத்திற்கு வாங்க வேண்டிய பொருள். அண்மை ஆண்டுகளில் நம் ராஜ்யத்தில் டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாயைக் கடந்து நின்றது. ஆகையால், பெட்ரோலும் டீசலும் வேண்டாது வெறுங்காற்றினாலேயே ஓடும் மோட்டார் வண்டி ஒன்று வரப்போகிறது என்ற செய்தி 2007-ஆம் ஆண்டு முதல் அடிக்கடி பரவும்போதெல்லாம், குடியானவர்கள் அதனை ஆவலோடு விசாரிப்பது இயல்பே. அவ்வண்டி எவ்விதம் வேலை செய்கிறது, அதனால் மிச்சமாவது எவ்வளவு, அதனை நம்பி முதல் போடலாமா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. காற்றுக்குச் சக்தி வரும் விதம்

காற்று எங்கும் நிறைந்திருப்பது, விலையின்றிக் கிடைப்பது. ஆனால் சும்மா இருக்கும் காற்று ஒரு துரும்பையும் தள்ளாது. அதனை ஒரு சிறிய இடத்திற்குள் நெருக்கி அடைத்தால், அது விரிந்து வெளிவர முயலுகிறது. அம்முயற்சியே நமக்குச் சக்தியாகப் பயன்படுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவு காற்றை உஷ்ணநிலை மாறாமல் பாதி இடத்திற்குள் அமுக்கினால் அதன் அழுத்தம் இரண்டு மடங்காகும் என்பதை ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் 1662-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

அமுக்குவதற்குச் செலவாகும் சக்தி முழுவதும் தொட்டிக்குள் தங்கிவிடுவதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் பத்துத்தடவை பம்பை அழுத்தியதும் அதன் அடிப்பாகம் சுடுவதைக் கண்டிருப்பர். அவருடைய கை செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு டயருக்குள் சென்றது. மற்றொரு பங்கு உஷ்ணமாக மாறிப் பம்பைச் சூடாக்கிப் பின் காற்றோடு கலந்து வீணாயிற்று. பெரிய யந்திரத்திலும் இதுவே நடைபெறுகிறது. அமுக்கம் அதிகமாக அதிகமாக உஷ்ணமும் அதிகரிக்கும். ஆகையால் மிக உயர்ந்த அழுத்தத்திற்குக் காற்றை அடைக்கும் யந்திரங்களில், ஒரே தடவையில் அமுக்காமல் மூன்று நான்கு படிகளாக அமுக்கி, ஒவ்வொரு படிக்கும் இடையே காற்றைக் குளிர்விக்கின்றனர். அவ்விதம் வெளியேற்றப்படும் உஷ்ணம் திரும்பி வருவதில்லை.

இதிலிருந்து அறியவேண்டிய முதல் விஷயம் யாதெனில், பெட்ரோல், டீசல், விறகு, கரி ஆகியவை தம்மிடத்திலேயே சக்தியை உடையவை; எரித்தால் அதனைத் தருபவை. அமுக்கிய காற்று அத்தகையதன்று. அது நம் பக்கத்து வீடுகளில் தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கையைப் போன்றது. குலுக்கையில் தானியம் விளையாது. கொட்டியதையே திரும்ப அள்ளலாம். காற்றுத் தொட்டியும் மின்சாரத்தினாலோ டீசலினாலோ நாம் அடைத்துவைத்த சக்தியையே திரும்பத் தருகிறது. எனவே கேட்கவேண்டிய கேள்வி, இக்குலுக்கையில் பத்து மரக்கால் கொட்டினால் எத்தனை மரக்கால் திரும்பிவரும் என்பதே.

அழுத்திய இயற்கை எரிவாயுவினால் ஓடும் வண்டிகளையும் இவ்வண்டியையும் சிலர் ஒன்றாக எண்ணுகின்றனர். இரண்டிலும் உயர்ந்த அழுத்தமுள்ள உருளைகள் இருப்பது உண்மை. ஆயினும் எரிவாயு யந்திரத்திற்குள் எரிந்து சக்தியைத் தருகிறது. காற்று விரிந்து மட்டுமே தருகிறது.

2. நம் ஊர்களில் காற்று செய்யும் வேலைகள்

அமுக்கிய காற்றைப் பற்றி இப்பிரதேசத்துக் குடியானவர்கள் அறியாதவர்களல்லர். கிணற்றை ஆழப்படுத்தும்போது டிராக்டரின் பின்புறம் பூட்டிய கம்ப்ரசரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே காற்று இறங்கி, பாறையில் வெடி வைப்பதற்கான துளையைப் போடும் கருவியை இயக்குகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியிலும் துளைக்குள் சேரும் கல்துகளை மேலே ஊதித் தள்ளுவது காற்றே. லாரிகளையும் பஸ்களையும் நிறுத்தும் பிரேக்கும் காற்றினால் வேலை செய்வதே.

இவற்றுள் கணக்கிற்கு மிகப் பொருத்தமான உதாரணம், ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுக்கும் கம்ப்ரசர் மோட்டார். மேலே வைத்த யந்திரம் காற்றை அமுக்கிச் சிறு குழாய் வழியாகக் கீழே அனுப்ப, அக்காற்று குமிழிகளாக நீரோடு கலக்கிறது. காற்றுக் கலந்த நீர் இலேசாகிவிடுவதால், சுற்றியுள்ள கனத்த நீரின் தள்ளுதலினால் மேலெழுந்து குழாய் வழியே வெளியே வந்து விழுகிறது. துளைக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. மணலும் சகதியும் வந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஊற்றுக் குறைந்த துளையிலும் விட்டுவிட்டு நீர் எடுக்கலாம். பழுது நேர்ந்தால் மேலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த அனுகூலங்களுக்காகவே இது பல இடங்களில் பரவிற்று. ஆயினும், அதே மின்சாரத்திற்கு நீர்மூழ்கி மோட்டார் தரும் நீரைக் கம்ப்ரசர் தருவதில்லை என்பது இரண்டையும் வைத்திருந்தவர்கள் நன்கு அறிந்த விஷயம்.

காற்று வண்டியைப் பற்றியும் இதனின் வேறாகச் சொல்லுவதற்கில்லை. காற்று சௌகரியத்திற்கு உரியது, சிக்கனத்திற்கு உரியதன்று. இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்த்தால் எந்த விளம்பரத்தையும் எடை போடலாம்.

3. வண்டி ஓடும் விதம்

இவ்வண்டியின் அடிப்புறத்தில், கரிநாரினால் சுற்றி உறுதிசெய்யப்பட்ட உருளைத் தொட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றில் வாயுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. சாலையோரத்துப் பஞ்சர் கடையில் உள்ள கம்ப்ரசர் எட்டு, பத்து மடங்கு அழுத்தமே தரக்கூடியது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். 300 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் அவ்வாறு அடைத்த காற்று 100 கிலோ அளவு எடையுள்ளது. காற்றுக்கு எடையில்லை என்று எண்ணுவோர், தொட்டியின் எடையோடு இந்த எடையையும் வண்டி சுமந்து செல்லவேண்டும் என்பதைக் கவனிக்கவேண்டும்.

தொட்டியிலிருந்து வரும் காற்று அழுத்தம் குறைக்கப்பட்டு, யந்திரத்தின் உருளைக்குள் புகுந்து விரிந்து, பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. எரிதல் இல்லாமையால் புகையில்லை, வெளிவருவது காற்றே. அமுக்கும்போது காற்று சூடானதைப் போலவே, விரியும்போது அது மிகவும் குளிர்கிறது. அக்குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் பனியாக உறைந்து குழாய்களை அடைப்பதுண்டு. குளிர்ந்த காற்றின் தள்ளும் வலிமையும் குறைவு. இக்குறையை நீக்க, விரிவதற்கு முன்னும் இடையிலும் காற்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வெளிக்காற்றின் உஷ்ணமே போதும் என்று சிலர் அமைத்தனர். சிறிது எரிபொருளை எரித்துச் சூடாக்க வேண்டும் என்று வேறு சிலர் அமைத்தனர். பின்னதை ஏற்றால் புகையில்லா வண்டி என்னும் பெருமையில் ஒரு பங்கு போய்விடும்.

4. இதுவரை நடந்த முயற்சிகள்

காற்று வண்டி புதிய கற்பனையன்று. பிரான்சு தேசத்து நாந்த் நகரத்தில் லூயி மெகார்ஸ்கி என்பவர் அமைத்த காற்று டிராம் வண்டிகள் 1879-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, 1917-ஆம் ஆண்டு வரையில் உபயோகத்தில் இருந்தன. குதிரைகளின் சாணமும் நீராவி யந்திரத்தின் புகையும் இல்லாமல் நகரத்திற்குள் ஓடியமையால் அவை விரும்பப்பட்டன. அவற்றிலும் காற்றைச் சுடுநீரின் வழியே செலுத்திச் சூடாக்கிய பின்னரே யந்திரத்திற்குள் விட்டனர். மின்சார டிராம் வந்தபின் காற்று டிராம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மறைந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் மலைக் குகைப்பாதை வெட்டும் இடங்களிலும் காற்று யந்திரங்கள் பல காலம் நிலைத்தன. தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடிய வாயு இருக்கும் இடத்தில் பொறியில்லாத யந்திரத்தின் விலை கணக்கிடத்தக்கதன்று. அங்குச் சிக்கனம் பார்ப்பதில்லை.

பின்னாளில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த கீ நெக்ர் என்னும் யந்திர நிபுணர், பந்தய மோட்டார்களுக்கான யந்திரங்கள் செய்து பழகியவர், காற்றுக் கார் ஒன்றை ஏற்படுத்தும் முயற்சியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அவருடைய எம்.டி.ஐ. நிறுவனத்துடன் நம் தேசத்து டாடா மோட்டார்ஸ் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பின்னரே இந்தியாவில் மலிவான காற்றுக் கார் ஓடப்போகிறது என்ற நம்பிக்கை பரவிற்று. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில், முதற்கட்ட வேலை முடிந்ததென்றும், இரண்டு வண்டிகளில் இவ்யந்திரம் பொருத்திச் சோதிக்கப்பட்டதென்றும் அந்நிறுவனங்கள் தெரிவித்தன. கீ நெக்ர் 2016-ஆம் ஆண்டில் காலமானார். நம் தேசத்துக் குடியானவர் கடைக்குச் சென்று வாங்கத்தக்க காற்றுக் கார் எதுவும் அவ்வொப்பந்தத்தின் பயனாக விற்பனைக்கு வரவில்லை. திறமையும் பொருள் வசதியும் உடைய ஒரு நிறுவனம் முயன்றும் இவ்வாறானமைக்குக் காரணம் அடுத்துக் கூறப்படும் கணக்கிலேயே இருக்கிறது.

5. வரவு செலவுக் கணக்கு

300 லிட்டர் தொட்டியில் 300 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று, சிறிதும் நஷ்டமில்லாத யந்திரத்தில் விரியுமானால் தரக்கூடிய வேலை ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். இது இயற்கை விதித்த மேல் வரம்பு. நடைமுறையில், அமுக்கும்போது உஷ்ணமாகப் போகும் நஷ்டத்தையும் யந்திரத்தின் உராய்வையும் சேர்த்தால், அத்தொட்டியை நிரப்ப 20 யூனிட் அளவு மின்சாரம் செலவாகும். அழுத்தம் குறைக்கும் வால்விலும் குளிர்ச்சியினாலும் மீண்டும் நஷ்டம் நேர்வதால், அந்த 12 யூனிட்டில் பாதியாகிய 6 யூனிட் சக்கரத்தை அடைந்தால் அது நல்ல யந்திரம் எனலாம். அதாவது, குலுக்கையில் பத்து மரக்கால் கொட்டினால் மூன்று மரக்காலே திரும்பிவருகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய உஷ்ண சக்தி ஏறக்குறைய 9 யூனிட். பெட்ரோல் யந்திரமும் அதில் முக்கால் பங்கை உஷ்ணமாக வீணாக்கிவிட்டு, 2 யூனிட்டைச் சற்றே கடந்த அளவையே சக்கரத்திற்குத் தருகிறது. ஆகவே 300 லிட்டர் காற்றுத் தொட்டி செய்யும் வேலை, 3 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சமமாகிறது. சிறிய இலேசான காரை நிதானமான வேகத்தில் ஓட்டினால் இதனைக் கொண்டு 70, 80 கிலோமீட்டர் செல்லலாம். ஒரு டன் சரக்கேற்றிய சிறு மோட்டார் 40, 50 கிலோமீட்டருக்கு மேல் செல்வது அரிது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். ஆகவே பருத்திப் பொதி ஏற்றிய காற்று வண்டி மதுரையை அடைந்தாலும், அங்கே மீண்டும் காற்று நிரப்பாமல் ஊர் திரும்ப இயலாது.

மின்கலத்தினால் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டால் நிலைமை மேலும் தெளிவாகும். மின்கலத்தில் ஏற்றிய மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு அளவு சக்கரத்தை அடைகிறது. ஆகையால் அதே 6 யூனிட் வேலைக்கு மின்கல வண்டிக்கு 7½ யூனிட் போதும். மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டு ஒரே அளவு வேலைக்கு ஆகும் செலவைப் பார்க்கலாம்.

பெட்ரோல் வண்டி: 3 லிட்டர், 300 ரூபாய்.
காற்று வண்டி: 20 யூனிட், 160 ரூபாய்.
மின்கல வண்டி: 7½ யூனிட், 60 ரூபாய்.

காற்று வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஓட்டச் செலவில் மலிவு என்பது இதனால் பொய்யாகவில்லை. விளம்பரங்களில் காட்டப்படுவதும் இந்த ஒப்பீடே. ஆனால் அதே மின்சாரத்தை மின்கலத்தில் ஏற்றினால் செலவு அதிலும் பாதிக்குக் கீழே இறங்குகிறது என்ற மூன்றாவது வரியை எவரும் காட்டுவதில்லை. மின்கலத்தின் விலை அதிகம், சில ஆண்டுகளுக்குப் பின் அதனை மாற்றவேண்டும், காற்றுத் தொட்டியோ நீண்ட காலம் உழைக்கும் என்று கூறப்படுவதில் நியாயம் உண்டு. ஆயினும் 300 மடங்கு அழுத்தத்தைத் தரும் கம்ப்ரசரும், அதனைத் தாங்கும் தொட்டியும் மலிவானவையல்ல. அவற்றின் விலையையும் பராமரிப்பையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும்.

6. புகையைப் பற்றிய கணக்கு

காற்று வண்டியின் பின்புறத்தில் புகை இல்லை என்பது கண்ணால் காணக்கூடியது. ஆனால் தொட்டியை நிரப்பிய மின்சாரம் நிலக்கரியை எரித்து எடுக்கப்பட்டதாயின், அப்புகை தூத்துக்குடி போன்ற இடங்களில் உள்ள அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளிப்படுகிறது. நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. 3 லிட்டர் பெட்ரோலை எரித்தால் உண்டாவது ஏறக்குறைய 7 கிலோ. அதே வேலையைச் செய்யும் காற்று வண்டிக்கு வேண்டிய 20 யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வருமாயின் 20 கிலோ உண்டாகிறது. புகையில்லாதது எனப்படும் வண்டி, பெட்ரோல் வண்டியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், காற்றுக் காருக்கு மிகச் சாதகமான அளவுகளை எடுத்துக்கொண்டபோதும் அது மின்கலக் காருக்குப் பிற்பட்டதே என்றும், நிலக்கரி மின்சாரம் மிகுந்த இடங்களில் பெட்ரோல் காரைவிட அதிக அசுத்தம் விளைவிப்பதே என்றும் முடிவு கண்டனர்.

சூரிய ஒளியினால் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நிரப்பினால் இக்குற்றம் நீங்கும் என்பது உண்மையே. வெயிலுக்கு இப்பிரதேசத்தில் பஞ்சமில்லை. பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதியை அடுத்து 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அமைந்தது. கரிசலின் வெயிலையும் ஒரு விளைபொருளாக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் ஒரே அளவு ஓட்டத்திற்கு மின்கல வண்டி வைத்திருப்பவர் 3 சூரியத் தகடுகள் வைத்தால், காற்று வண்டி வைத்திருப்பவர் 8 தகடுகள் வைக்கவேண்டும். சூரியன் கட்டணம் கேட்பதில்லை. தகடுகளும் அவை நிற்கும் இடமும் விலை உடையவை.

7. யுத்த காலத்துக் கரிவாயு வண்டி

புதிய சக்தியைக் கொண்டு வண்டி ஓட்டிய அனுபவம் நம் நாட்டிற்கு முன்னமே உண்டு. 1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டமையால், சென்னை மாகாணத்தில் பல பஸ்களும் லாரிகளும் மரக்கரியிலிருந்து எடுத்த வாயுவினால் ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் இதற்கான கரிவாயு அடுப்புகளைச் செய்து கொடுத்தது. வண்டியின் பின்புறம் நின்ற உயரமான அடுப்பில் கரியைக் கனலச் செய்து, அதிலிருந்து வந்த வாயுவை வடிகட்டி யந்திரத்திற்குள் செலுத்தினர். புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே அடுப்பை மூட்டவேண்டும். ஏற்றங்களில் வண்டி தளரும். சாம்பலையும் தாரையும் நாள்தோறும் நீக்கவேண்டும். யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இவ்வண்டிகள் மறைந்தன.

இத்தனை தொல்லை இருந்தும் அவை அந்நாளில் மாகாணத்தின் போக்குவரத்தை நிற்காமல் காத்தமைக்குக் காரணம், அவற்றின் தீனியாகிய கரி இந்நாட்டிலேயே விளைந்த எரிபொருளாக இருந்தமையே. ராமநாதபுரம், விருதுநகர் ஜில்லாக்களில் கரி மூட்டம் போடும் தொழில் இன்றும் உண்டு. அதற்குச் சீமைக்கருவேலை பயன்படுகிறது. மரக்கரி விறகு வகையைச் சேர்ந்தது. அமுக்கிய காற்று குலுக்கை வகையைச் சேர்ந்தது. எரிபொருள் பற்றாக்குறை வரும்போது புதிய குலுக்கை வாங்குவதால் மட்டும் தானியம் வந்துவிடாது.

8. தொட்டியின் அபாயம்

300 மடங்கு அழுத்தமுள்ள தொட்டி வெடித்தால் எரியாது என்பதனால் அது அபாயமற்றது என்று எண்ணலாகாது. அடைபட்ட சக்தி முழுவதும் ஒரு நொடியில் வெளிப்பட்டு, அருகிலிருப்போரின் உயிரைப் போக்க வல்லது. உயர் அழுத்த உருளைகள் 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. முத்திரையிடப்பட்டுக் குறித்த காலத்திற்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டியவை. காற்று வண்டியைப் பற்றிய படங்களைப் பார்த்துவிட்டு, பழைய சமையல் எரிவாயு உருளைகளிலோ, கழிக்கப்பட்ட பிற உருளைகளிலோ காற்றை அடைத்துச் சோதனை செய்ய முற்படுவது உயிரோடு விளையாடுவதாகும். சமையல் எரிவாயு உருளை இத்தகைய அழுத்தத்திற்குச் செய்யப்பட்டதன்று. பட்டறைகளில் இத்தகைய முயற்சி நடப்பது தெரிந்தால் கிராம உத்தியோகஸ்தர்கள் உடனே தடுத்து எச்சரித்தல் நலம்.

9. காற்று ஏற்ற இடங்கள்

மேற்கூறியவற்றால் காற்று பயனற்றது என்று கொள்ளவேண்டுவதில்லை. தீப்பொறி ஆகாத இடத்திலும், ஈரத்தில் மின்சாரம் அபாயமான கிணற்றின் அடியிலும், சுழலும் பாகம் நிலைக்காத மணல் ஊற்றிலும் காற்றே சிறந்த வேலையாள். வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் சக்தியைக் கொண்டு காற்றை அமுக்கி, மீண்டும் புறப்படும்போது அதனை உபயோகிக்கும் முறையை ஐரோப்பாவில் ஒரு மோட்டார் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் அறிமுகம் செய்து பார்த்தது. அது விற்பனைக்கு வராவிடினும், வீணாவதைச் சேமிக்கும் அக்கருத்து குற்றமற்றது. யந்திரத்திலிருந்து வெளிவரும் குளிர்ந்த காற்று, மல்லிகைப் பூ, காய்கறி போன்ற வாடும் சரக்கை ஏற்றும் வண்டிக்கு உதவக்கூடும். ஆனால் அக்குளிர்ச்சியும் அந்த 20 யூனிட்டிலிருந்தே வருகிறது.

10. குடியானவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் சில யோசனைகள்

(அ) காற்று வண்டி, நீர் வண்டி, காந்த வண்டி என்று எப்பெயரால் எவர் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். ஒருமுறை நிரப்ப எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும்? ஒரு டன் ஏற்றிக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? சாலையில் ஓட்டுவதற்கு அங்கீகாரமும் பதிவும் உண்டா? தொட்டியின் சோதனைச் சான்று எங்கே? இவற்றிற்கு எழுத்து மூலமாக விடை தராதவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண்.

(ஆ) பதிவுக் கட்டணம், முன்பணம், ஏஜன்ஸி உரிமை என்ற பெயரில் வண்டி வருமுன்னே கேட்கப்படும் தொகையை எக்காரணத்தைக் கொண்டும் கொடுத்தல் ஆகாது. ஒரு மானாவாரிக் குடும்பத்திற்கு அத்தொகை பெரும்பாலும் அடுத்த ஆண்டின் விதைக்கும் உழவுக்கும் வைத்திருக்கும் பணமாகவே இருக்கும்; அது போனால் மழை பெய்தும் நிலம் தரிசாகவே கிடக்க நேரும்.

(இ) மின்கல வண்டி வாங்க எண்ணுபவர், தம் சரக்கின் எடை, சந்தையின் தூரம், மாதத்தில் எத்தனை நடை என்பவற்றை ஓராண்டு எழுதிப் பார்த்துப் பின் தீர்மானித்தல் நலம். அறுவடைக் காலத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நடை போகும் குடியானவருக்குச் சொந்த வண்டி எதுவாயினும் மிச்சம் தருவதில்லை. நாள்தோறும் பூவோ பாலோ ஏற்றுபவருக்கே அது பலன் தரும்.

(ஈ) பாசனத்திற்கென்று சர்க்கார் இலவசமாக அளித்திருக்கும் மின் இணைப்பிலிருந்து வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவதோ, அதற்காகக் கம்ப்ரசர் ஓட்டுவதோ கூடாது. இணைப்பு அளிக்கப்பட்ட காரியத்திற்கே அதனை உபயோகிக்க வேண்டும்.

(உ) கம்ப்ரசர் மோட்டார் வைத்திருப்பவர், தம் துளையில் ஊற்று நிலையாகவும் நீர் மணலின்றியும் இருக்குமாயின், நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அதே யூனிட்டுக்கு அதிக நீர் கிடைக்கும். ஊற்றுக் குறைந்த துளைக்குக் கம்ப்ரசரே பொருந்தும், அங்கே மாற்றவேண்டுவதில்லை.

(ஊ) எந்த வண்டியானாலும், ஒரே கிராமத்தில் நான்கு பேர் தனித்தனியே அரைப்பாரம் ஏற்றிச் செல்வதைவிட, சேர்ந்து முழுப்பாரம் ஏற்றி இரண்டே நடையில் அனுப்புவது கூலியில் ஏறக்குறைய பாதியை மிச்சப்படுத்தும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அறுவடைக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். எந்தப் புதிய யந்திரமும் வரும்வரையில் காத்திராமல், வருகிற தை மாதத்து அறுவடையிலேயே கைக்கொள்ளக்கூடிய சிக்கனம் இது.